வணிகத்தினின்று தூதுக்கு: ககன்விகாரி மேத்தா

புங்குடுதீவு இறுப்பிட்டியிலிருந்து தென்னிலங்கை நகரங்களுக்குச் சென்று கடை நடத்தியோர் பலர். கணக்கில் வழுவாமை, வாக்கிற் பிறழாமை, எதிர்நிற்பான் கருத்தை அவன் கூறுமுன்னரே உணர்தல் என்பன அவர்க்குக் கைம்முதலாயின. தூதுவர்க்கு வேண்டுவனவும் இவையே. ஆயினும் வணிகத்துறையினின்று தூதுப் பதவியேற்றோர் சிலரே. அவருள் ககன்விகாரி லல்லுபாய் மேத்தாவின் வரலாறு நாம் அறியற்பாலது.

1900இல் அகமதாபாத்திற் பிறந்த இவர், பம்பாயிலும் இலண்டனிலும் கற்று, சிறிதுகாலம் பத்திரிகைத் துணையாசிரியராயிருந்தபின், 1928 முதல் 1947 வரை சிந்தியாக் கப்பற்கம்பனியின் கல்கத்தாக் கிளையை நிருவகித்தார். அக்கம்பனியைத் தோற்றுவித்தோருள் இவர் தந்தையாரும் ஒருவர்.

கப்பற்றொழிலில் அந்நாளிலிருந்த இடரை நம்மவர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1906இல் வ. உ. சிதம்பரம்பிள்ளை தூத்துக்குடிக்கும் கொழும்புக்குமிடையே சுதேசிக் கப்பல் விடத் துணிந்தபோது, பிரித்தானிய இந்தியக் கப்பற்கம்பனி கட்டணத்தைக் குறைத்தே அம்முயற்சியை நலியச் செய்தது. 1919இல் எழுந்த சிந்தியாவும் அதே கம்பனியின் கட்டணப்போருக்கு இலக்காயிற்று, ஆனால் நிலைத்தது. வலியார்முன் தன் வழக்கைச் சினமின்றி எடுத்துரைக்கும் ஆற்றலை மேத்தா பெற்றது இக்களத்திலேயாம் என்பது எமது துணிபு.

விடுதலைக்குப்பின் தீர்வைச் சபைத் தலைவராகவும் திட்டக்குழு உறுப்பினராகவும் பணியாற்றி, 1952இல் அமெரிக்காவுக்கு இந்தியத் தூதுவரானார். காலமோ இக்கட்டானது. அணிசேராமையை அமெரிக்கர் ஐயுற்றனர். 1954இல் பாக்கித்தானுக்குப் படைக்கல உதவி வழங்க உடன்பட்டனர். இந்தியாவுக்கோ உணவுத்தானியம் வேண்டியிருந்தது. டொலரன்றி உரூபாவிலேயே விலை செலுத்தித் தானியம் பெறும் 1956ஆம் ஆண்டு உடன்படிக்கை, புதுதில்லியிற் கைச்சாத்தாயினும், இவரது தூதுக் காலத்ததே.

1955 ஆகத்தில் இவரும் செயலாளரும் இயூசுத்தன் விமானநிலைய உணவகத்திற் சென்றமர்ந்தபோது, வெள்ளையரல்லாதார் எனக் கருதப்பட்டு வேறோர் அறைக்கு மாற்றப்பட்டனர். இனப்பிரிவினை அந்நாளில் தெக்சாசில் நிலவிய வழக்கம். செய்தி பரவவே, வெளிநாட்டமைச்சர் தலசு வருத்தந் தெரிவித்தார். மேத்தா இதனைப் பெரும்பூசலாக்க முனைந்தாரல்லர். இழிவைப் பொறுத்தல் கோழைமையன்றோ எனச் சிலர் வினவலாம். அந்நாட்டுச் செய்தித்தாள்களே அதனைப் பேசிக்கொண்டிருக்க, தூதுவர் தாமும் குரலெழுப்பிப் பெறத்தக்கது யாதுமில்லை. (இவர் நகைச்சுவைக் கட்டுரைகள் வரைவதில் வல்லவர் என்பதையும் ஈண்டு நினைக்கலாம்.)

1958இல் தாயகம் மீண்டபின், ஆர்க்காடு இராமசாமி முதலியார் முதற்றலைவராயிருந்த இந்தியக் கைத்தொழிற் கடன் முதலீட்டுக் கூட்டுத்தாபனத்துக்குத் தலைவராகி, மறுபடியும் தொழில் முதலீட்டுத் துறையிலேயே ஈடுபட்டார். 1974இற் காலமானார்.