ஹாலில் போன், அறையில் ஸ்பீக்கர்

அம்மாவால் இப்போதெல்லாம் ஹால் வரை நடந்து வர முடிவதில்லை. அதனால் ராஸ்பெர்ரி பையில் ஷேர்போர்ட் சிங்க் போட்டு, ஸ்பீக்கரோடு அவர் அறையில் வைத்தேன். ஹாலில் இருந்து ஐபோனில் தேடினால் ஏர்ப்ளே பட்டியலில் அது வரவே இல்லை. இரண்டிலும் இன்டர்நெட் மட்டும் நன்றாக வேலை செய்தது.

ஐபி முகவரியைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. போன் 192.168.1.20, பை 192.168.0.12. அறைக்காக நான் மாட்டிய இரண்டாவது ரவுட்டர் தனி நெட்வொர்க் நடத்திக்கொண்டிருந்தது. ஏர்ப்ளே கருவிகள் "நான் இங்கே இருக்கேன்" என்று எம்டிஎன்எஸ் வழியாக, 224.0.0.251 முகவரியில், யுடிபி 5353 போர்ட்டில் குரல் கொடுக்கும். அந்தக் குரல் ரவுட்டரைத் தாண்டாது.

இரண்டாவது ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றி, பையை ரீஸ்டார்ட் செய்தேன். உடனே பட்டியலில் வந்தது. பாட்டு ஆரம்பித்த அரை நிமிடத்தில் உள்ளே இருந்து குரல்: "சத்தத்தைக் கொஞ்சம் குறைடா."