கத்தி பிடிக்கப் பழகாத காலம்

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அறுவைப் பிரிவு வரிசையைப் பார்த்தாலே டெல்டாவின் வயல்வேலை தெரிந்துவிடும். மூட்டை தூக்கிக் குடல் இறங்கியவர், யானைக்கால் கிருமியால் விரை வீங்கியவர், சேற்றில் பட்ட காயம் சர்க்கரைப் புண்ணாகிக் காலை இழுத்து நடக்கும் பாட்டி. அவர்களில் காலனித் தெருக்காரர்கள் நிறையப் பேர்.

1959-ல் தொடங்கிய இந்தக் கல்லூரியில்தான் எம்.எஸ். படிக்கும் இளம் மருத்துவர் கத்தி பிடிக்கப் பழகுகிறார். குடலிறக்கமும், நாம் ஓதம் என்று சொல்லும் விரைவீக்கமும் அவருக்கு அரிச்சுவடி. முதலில் பேராசிரியருக்கு எதிரே நின்று கையுதவி செய்வார். பிறகு தையல் போடுவார். அப்புறம் பேராசிரியர் பக்கத்தில் நிற்க, தானே அறுப்பார். மூன்று ஆண்டுக்குள் இது கைக்கு வந்தாக வேண்டும். வசதி உள்ளவர்கள் தனியாருக்குப் போய்விடுவதால், அவர் கற்றுக்கொள்வது ஏழை உடம்பில்தான். இதை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் அவசர அறுவை மட்டும் நடந்தது, மற்றவை தள்ளிப்போயின. உலக அளவில், கொரோனா உச்சத்தில் இருக்கும் 12 வாரங்களில் மட்டும் சுமார் 2 கோடியே 84 லட்சம் அறுவைகள் தள்ளிப்போகும் என்று பர்மிங்காம் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட ஆய்வுக்குழு அப்போது கணக்கிட்டது. தமிழகத்தின் அரசுக் கல்லூரிகளில் அறுவை பயில வந்தவர்கள் கவச உடை போட்டுக்கொண்டு கொரோனா வார்டில் ஆக்சிஜன் அளவு பார்த்தார்கள். அந்த நேரத்தில் அது தேவைதான். ஆனால் அதில் தையல் பழக முடியாது.

அடுத்த அடி 2021-ல். ஏப்ரல் 18-ல் நடக்க வேண்டிய முதுநிலை நீட் தேர்வு செப்டம்பர் 11-ல்தான் நடந்தது. பிறகு, ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள் உள்ள முன்னேறிய சாதியினர் ஏழைகளா என்ற வழக்கில் அகில இந்தியக் கலந்தாய்வு நின்றது. 2022 ஜனவரி 7-ல் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு தந்த பிறகே அது நகர்ந்தது. (நாள் கூலிக்கு நடவு நடும் வீட்டில் யாரும் அந்த 8 லட்சத்தைக் கண்ணால் பார்த்ததில்லை.) புதிய அணி வராததால் மூன்று அணி செய்யும் வேலையை இரண்டு அணி சுமந்தது.

பட்டியல் சாதியினருக்குத் தமிழகத்தில் 18 விழுக்காடு இடம். அதில் 3 அருந்ததியருக்கு. அந்த வழியாகக் குடும்பத்தின் முதல் மருத்துவராக வருகிற பிள்ளைக்கு ஓர் ஆண்டு தாமதம் என்றால், வீட்டுக்கடனுக்கு ஓர் ஆண்டு கூடுதல் வட்டி. விட்டுப்போன பயிற்சியை வசதி உள்ளவர் பின்னால் பணம் கட்டி, வெளியூர் போய்க் கற்றுக்கொள்ளலாம். இவரால் எப்படி முடியும்?

நோயாளி பக்கம் வருவோம். 2020 ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்தது, குறுவை நடந்தது, கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டைகள் ஏறி இறங்கின. குடல் இறங்கியவரும் கச்சையை இறுக்கிக்கொண்டு தூக்கினார். கூலி நின்றால் அடுப்பு நின்றுவிடும். இறங்கிய குடல் சிக்கிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்று, சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும். சின்ன அறுவையில் தீர வேண்டியது உயிருக்குப் போராடுவதாக மாறும்.

முதுநிலை மாணவர்கள் 3 மாதம் மாவட்ட மருத்துவமனைகளில் பணியாற்ற வேண்டும் என்று 2020 செப்டம்பரில் மத்திய அரசின் விதி வந்தது. கும்பகோணத்துக்கும் மன்னார்குடிக்கும் அவர்களை அனுப்பி, மூத்த அறுவை மருத்துவர் கூடவே நின்று, தேங்கிக் கிடக்கும் ஓதமும் குடலிறக்கமும் செய்யட்டும். மருத்துவருக்குக் கை பழகும், நம் ஆட்களுக்கு நோய் தீரும். ஓத அறுவை யானைக்கால் ஒழிப்புத் திட்டத்திலேயே இருக்கிறது.

ஆனால் யார் யார் காத்திருக்கிறார்கள் என்ற பட்டியல் வேண்டும். ஓதத்தை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு வெட்கப்பட்டே காலம் தள்ளுபவர்கள் அதிகம். கல்லூரியில் படிக்கும் தம்பிகளே, விடுமுறையில் உங்கள் தெருவில் வீடு வீடாகப் பேசி, பெயர்களைச் சுகாதார ஆய்வாளரிடம் கொடுங்கள். நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.