கல்லைக் காக்கும் கல்வி

பட்டினால் புகழ்பெற்ற காஞ்சி மாநகருக்குக் கோயில்களால் வந்த புகழ் அதனினும் பழையது. கயிலாசநாதர் கோயில், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் இராசசிம்மனால் பெரும்பாலும் மணற்கல்லால் எழுப்பப்பெற்றது. மணற்கல் உளிக்கு எளிதில் இணங்கும். மழைக்கும் காற்றுக்கும் அவ்வாறே இணங்கித் தேயும். தேய்வைத் தடுக்கக் கருதியோர் பிற்காலத்தில் சிற்பங்களின்மேல் சாந்து பூசினர். நோக்கம் நன்றே, ஆயினும் பல்லவச் சிற்பியின் கைத்திறன் பல இடங்களில் மறைந்தது.

1931ஆம் ஆண்டு, புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் இக்கோயிலின் சிற்றறைகளில் பழைய ஓவியங்களின் எச்சங்களைக் கண்டறிந்தார். பின்னர்ச் சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியல் அறிஞர் பரமசிவன் அவ்வோவியங்களின் பூச்சினை ஆராய்ந்தார். வண்ணம் சுவரில் எவ்வாறு நின்றது என்று அறியாமல் அதனைத் துடைப்பது, நோய் அறியாமல் மருந்து தருவது போன்றதன்றோ?

இவ்வறிவு இன்று தனித்துறையாகவே வளர்ந்துள்ளது. கட்டடக்கலையில் பட்டம் பெற்றோர், தில்லியிலுள்ள திட்டமிடல் கட்டடக்கலைப் பள்ளியில் மரபுக் கட்டடப் பாதுகாப்பினை முதுநிலைப் பாடமாகக் கற்கலாம். இத்துறை மாணவர் பழஞ்சுவரை அளந்து வரையவும், வெடிப்பின் காரணம் காணவும், சுண்ணச் சாந்தின் இயல்பை உணரவும் பழகுவர். சிமெண்டு வலியதுதானே, அதனையே பூசினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். சுண்ணச் சாந்து ஈரத்தை வெளிவிடும். சிமெண்டோ அதனை உள்ளேயே அடைத்துவிடும். அடைபட்ட ஈரத்தால் பூச்சு நிற்க, உள்ளிருக்கும் கல் உதிரும்.