அசோக் நகரில் ஓர் இமயமலை

கத்திரி வெயிலில் சென்னை அசோக் நகர் நூறடிச் சாலையில் நடப்பது ஒரு தவம். ஆனால் அந்தச் சாலையோரத்துக் காரியாலயம் எதிலாவது நுழைந்து பாருங்கள், வேறோர் உலகம்! குளிர்சாதனத்தில் 18 டிகிரி. உத்தியோகஸ்தர்கள் கம்பளிச் சட்டையும் சால்வையுமாக நடுங்கிக்கொண்டு வேலை பார்க்கிறார்கள். பத்ரிநாத் யாத்திரை போகாமலே போன பலன்!

வீட்டில் மின்சாரக் கட்டணத்தை எண்ணி மின்விசிறியைக்கூட நிறுத்துகிறவர்தாம் இங்கே தாராளப் பிரபு. "ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்று நம் பாட்டிமார்கள் சும்மாவா சொன்னார்கள்? கட்டணம் முதலாளியைச் சேர்ந்ததுதான். ஆனால் மின்சாரம் நாட்டின் சொத்து அல்லவா? 2024ஆம் வருஷக் கோடையில் தமிழ்நாட்டின் மின்சாரத் தேவை 20,000 மெகாவாட்டையும் தாண்டிற்று.

குளிர்சாதனம் குளிரை உண்டாக்குவதில்லை; அறையின் உஷ்ணத்தை இறைத்து வெளியே கொட்டுகிறது. கிணற்றில் நீர்மட்டம் இறங்க இறங்க ஏற்றம் இறைப்பவனுக்குப் பாடு அதிகம். அதுபோலவே எண்ணைக் குறைக்கக் குறைக்க யந்திரத்துக்கு உழைப்பு மிகுகிறது. 18 வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்பதும் வீண் எண்ணம். சாதாரண யந்திரம் ஒரே வேகத்தில்தான் இறைக்கும். ஓய வேண்டிய நேரத்திலும் ஓயாமல் ஓடும், அவ்வளவே.

ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவிகித மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. 18-லிருந்து 24-க்குப் போனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு லாபம்! நட்சத்திரக் குறியிட்ட அறைக் குளிர்சாதனங்கள் 24 டிகிரியிலேயே தொடங்கவேண்டும் என்று 2020 ஜனவரி முதல் விதியும் உண்டு. அதைக் கீழே இறக்குவது நம் விரல்தான்.

ஜப்பானியர் 2005-இல் காரியாலயங்களை 28 டிகிரியில் வைத்து, கழுத்துப் பட்டையையும் மேல்சட்டையையும் கழற்றினார்கள். பிரதம மந்திரி கொய்ஸுமியே வழிகாட்டினார். நம் ஊருக்குப் பருத்திச் சட்டையைக் காட்டிலும் ஏற்ற உடை வேறு உண்டோ?

24 அல்லது 25 வைத்து, மின்விசிறியை மெல்லச் சுழலவிடுங்கள். கதவைச் சாத்துங்கள்; மேற்கு ஜன்னலுக்குத் திரை போடுங்கள். தூசிவலையை அடிக்கடி கழுவச் செய்யுங்கள். வேலை முடிய அரைமணி முன்பே யந்திரத்தை நிறுத்துங்கள். சேர்ந்த குளிர்ச்சி போதும்.

வழிப்போக்கருக்கும் கால்நடைகளுக்கும் நிழல் தரச் சாலையோரம் ஆலமரங்கள் நட்டதாக அசோகச் சக்கரவர்த்தி தூண் சாஸனத்தில் பொறித்துவைத்தார். அவர் பெயர் தாங்கிய நகரில், சிங்கத் தூணின் அருகிலேயே, தள்ளுவண்டிக்காரர் முகத்தில் நம் அறையின் அனலைக் கொட்டுகிறோம். மரம் நட இயலாவிட்டாலும், அந்த அனலையாவது சற்றுக் குறைக்கலாம் அல்லவா?