துப்பாக்கி ஒலியும் ஒலியடக்கியும்

மனிதன் இயற்றிய கருவிகளுள் தன் செயலைத் தானே பறையறைந்து நாடறியச் செய்வது துப்பாக்கியைப் போற் பிறிதொன்றில்லை. வில்லும் ஈட்டியும் ஓசையின்றித் தம் தொழிலை முடிப்பன. துப்பாக்கியோ தன் தொழிலை முடிக்கும்பொழுதே ஊரையும் எழுப்பிவிடும். இவ்வோசையைக் குறைத்தற்கு அமைந்த கருவியே ஒலியடக்கி என்பது. மோட்டார் சைக்கிளின் சைலென்சரை அறியாதார் நம்முள் இலர். துப்பாக்கிக்குரிய சைலென்சரும் அதனோடு உடன்பிறந்ததே.

தேசிய மாணவர் படையிற் சேர்ந்து .22 ரைபிளைக் கையாண்ட மாணவர் இக்கருவியைப் பற்றி வினவுவது உண்டு. கடல் கடந்த நாடுகளில் வாழும் பழைய மாணவர் சிலரும், முதன்முதலாக ஒன்று வாங்கப் புகுவோர் எவற்றை நோக்கல் வேண்டும் என அறிய விழைகின்றனர். ஆதலின் அதன் இயல்பையும், தேர்ந்தெடுக்கும் முறையையும், நம் மரக்காணத்துக் கடற்கரையில் அதற்கு இடமுண்டா என்பதையும் ஈண்டு முறையே ஆராய்வாம்.

முதற்கண் தோட்டாவின் இயல்பை அறிதல் வேண்டும். பெரிய ரைபிள்களின் தோட்டாவில் தீப்பற்றும் மருந்து அடிப்புறத்தின் நடுவில் ஒரு சிறு கிண்ணத்துள் வைக்கப்பட்டிருக்கும். .22 தோட்டாவிலோ அம்மருந்து அடிப்புற விளிம்பின் மடிப்பினுள்ளே பரவியிருக்கும். சுத்தி விளிம்பை நசுக்கியவுடன் தீப்பற்றும். இதுபற்றியே அதனை ரிம்பயர் என்பர். இன்று உலகெங்கும் வழங்கும் .22 லாங் ரைபிள் தோட்டா 1887-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோன்றியது. அதன் குண்டு பெரும்பாலும் 40 கிரெயின், அதாவது ஏறக்குறைய 2.6 கிராம் எடையுள்ள ஈயம். மருந்து சிறிது, எழும் வாயுவும் சிறிது. ஒலியடக்கி நன்கு பயன்படுதற்கு இதனினும் ஏற்ற தோட்டா வேறில்லை எனலாம்.

இனி, ஓசை எங்ஙனம் பிறக்கின்றது என்று காண்பாம். அது மூன்று வகைப்படும். முதலாவது, குழல்வாயின் வெடிப்பு. குண்டின் பின்னே நெருக்குண்டு நின்ற சூடான வாயு, குண்டு வெளியேறியதும் ஒரு நொடியிற் சிறு பங்கினுள் காற்றிற் பாய்ந்து விரிகின்றது; சோடாப் புட்டியின் மூடியைத் திடீரெனத் திறந்தாற் போன்றது இது. இரண்டாவது, குண்டின் விரைவால் எழும் சாட்டையடி போன்ற ஓசை. குண்டு ஒலியினும் விரைந்து செல்லின், தன் வழியெல்லாம் காற்றைக் கிழித்து அலையெழுப்பிச் செல்லும். மூன்றாவது, சுத்தியும் தாழும் அசைதலால் எழும் இயந்திர ஓசை. இம்மூன்றனுள் ஒலியடக்கி அடக்க வல்லது முதலாவதை மட்டுமே. இதனை அறியாதார் பலர், சினிமாவிற் காண்பதுபோல் ஒலி அறவே மறையும் என நம்பி ஏமாறுவர்.

ஒலியடக்கியின் உட்புறத்தே தடுப்புத் தட்டுகள் பல வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் நடுவிலும் குண்டு செல்லுதற்குத் துளையுண்டு. குண்டு நேரே சென்றுவிடும். வாயுவோ அறைதோறும் புகுந்து சுழன்று, விரிந்து, வெப்பத்தை இழந்து, மெல்லவே வெளிப்படும். இதனை முதன்முதலாக வாணிகப் பொருளாக்கி வெற்றி கண்டவர் ஹைரம் பெர்ஸி மாக்ஸிம் என்ற அமெரிக்கர். அவர் 1909-இல் காப்புரிமை பெற்றார். அவருடைய தந்தையாரே 1884-இல் மாக்ஸிம் இயந்திரத் துப்பாக்கியை அமைத்தவர். தந்தையார் தம் துப்பாக்கிகளின் ஓசையாலேயே முதுமையிற் செவிப்புலன் குன்றினார். தந்தையின் செவியைக் கெடுத்த ஓசையை மகன் அடக்க முற்பட்டமை கருதற்பாலது. அம்மகனாரே மோட்டார் எஞ்சின்களின் ஓசையை அடக்கும் கருவிகளையும் செய்தார்.

ஓசையின் அளவை டெசிபல் என்னும் அலகாற் கூறுவர். ஒலியடக்கி இல்லாத .22 ரைபிளின் ஓசை சுடுவோர் செவியருகே ஏறக்குறைய 140 டெசிபல். நல்ல ஒலியடக்கியும் ஏற்ற தோட்டாவும் சேர்ந்தால் அது 115 முதல் 120 டெசிபல் வரை தாழும். இருபது டெசிபல் குறைவது ஏழில் ஒரு பங்கு குறைவது போலத் தோன்றும். உண்மையில் அவ்வலகின் கணக்கு வேறு. பத்து டெசிபல் குறைந்தால் ஒலியின் ஆற்றல் பத்திலொன்றாகும். இருபது குறைந்தால் நூறிலொன்றாகும். எனினும் எஞ்சியது மௌனமன்று என்பது நினைவில் இருத்தற்குரியது.

நிற்க. வாங்கப் புகுவோர் முதலில் நோக்க வேண்டுவது, ஒலியடக்கியை முழுதும் பிரித்துத் துடைத்தல் கூடுமா என்பதே. பெரிய ரைபிள்களின் ஒலியடக்கிகள் பல பற்றவைத்து மூடப்பட்டவை. அவற்றின் வாயுவழுத்தமே அழுக்கைப் பெரும்பாலும் வெளியேற்றிவிடும். .22 தோட்டாவோ உறையற்ற ஈயக் குண்டும் மெழுகும் கரியும் சேர்ந்து மிக்க அழுக்கை விடுவது. சில நூறு குண்டுகளுக்குள் தட்டுகளில் ஈயம் படிந்து இறுகிவிடும். பிரிக்க இயலாத ஒலியடக்கி நாளடைவிற் கனத்துப் பயனற்றதாகும். துடைக்கும்பொழுது கையுறை அணிதல் இன்றியமையாதது, ஈயத்தூள் நஞ்சு. காடியும் ஹைட்ரஜன் பெராக்ஸைடும் கலந்து ஈயத்தைக் கரைப்பார் சிலர் உளர்; அக்கலவையில் உண்டாகும் ஈய உப்பு தோல்வழியும் உட்புகும் கொடிய நஞ்சாதலின் அம்முறையை அறவே விலக்குக.

இரண்டாவது, உலோகம். அலுமினியம் இலேசானது, விலை குறைந்தது. ஆயின் தட்டுகள் அலுமினியமாயிருப்பின் கார மருந்துகளால் துடைக்கலாகாது. துருவேறா எஃகு கனமுடையது, நெடுநாள் உழைப்பது. டைட்டானியம் இலேசும் உறுதியும் ஒருங்குடையது, விலை மிக்கது. கடற்கரையில் வாழ்வார்க்கு இவ்விஷயத்தில் மற்றொரு கவலையும் உண்டு. மரக்காணத்து உப்பளங்களில் இரும்புக் கீல்களும் பம்பு எஞ்சின்களும் சில பருவங்களிலேயே துருவேறிப் பொரிந்து போவதை யாவரும் கண்டிருக்கின்றோம். உப்புக்காற்று அலுமினியத்தையும் புள்ளி புள்ளியாக அரிக்கும். அன்றியும், எஃகுக் குழலில் அலுமினியத் திருகு நெடுநாள் கிடப்பின், உப்பும் ஈரமும் இடைப்பட்டு இரு உலோகங்களும் ஒன்றையொன்று அரித்துப் பிரிக்க முடியாதபடி பற்றிக்கொள்ளும். எந்நாட்டுக் கடற்கரையில் வாழ்வாரும் சுட்டபின் ஒலியடக்கியைக் கழற்றி, துடைத்து, எண்ணெய் தடவி வைத்தலே நன்று.

மூன்றாவது, திருகும் நேர்மையும். அமெரிக்க .22 ரைபிள்களின் குழல்வாய் பெரும்பாலும் அரை அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 28 புரியும் உடையது. இங்கிலாந்தில் அங்குலத்துக்கு 20 புரி பெருவழக்கு. இவை ஒன்றற்கொன்று பொருந்தா. புரி பொருந்தினும், ஒலியடக்கியின் துளை குழலின் துளையோடு ஒரே நேரில் நிற்றல் வேண்டும். மயிரிழை கோணினும் குண்டு தட்டில் உராய்ந்து கருவியைச் சிதைப்பதோடு குறியையும் தவறச் செய்யும். நேராக நின்றபோதும், குழலின் முனையில் எடை கூடுதலால் குண்டு படும் இடம் சிறிது மாறுவது இயல்பு. ஆதலின் மாட்டிய பின்னர்க் குறியை மீண்டும் சரிபார்த்தல் கடமை. எந்தத் தோட்டாவுக்கெனச் செய்யப்பட்டதோ அதற்கன்றி வேறெதற்கும் அதனைப் பயன்படுத்தலாகாது; .22 மாக்னம் முதலிய வலிய தோட்டாக்களைத் தாங்குமா என்பதைச் செய்தவர் குறிப்பில் தேர்ந்து அறிக.

நான்காவது, தோட்டாவும் ரைபிளும். விரைவுத் தோட்டாவின் குண்டு நொடிக்கு ஏறக்குறைய 380 மீட்டர் செல்லும். மெதுவான தோட்டாவின் குண்டு 320 முதல் 330 மீட்டர் வரை செல்லும். ஒலியின் விரைவோ காற்றின் வெப்பத்தைப் பொறுத்தது. மரக்காணத்தில் 35 பாகை வெப்பமுள்ள நண்பகலில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 352 மீட்டர் செல்லும். உதகையில் நீர் உறையும் மார்கழி விடியலில் 331 மீட்டரே செல்லும். ஆகவே கடற்கரையில் ஓசையின்றிச் செல்லும் அதே குண்டு மலைமேல் ஒலியின் எல்லையை நெருங்கிவிடும். குளிர்நாட்டில் வாழும் நம்மவர் இதனை மனத்திற்கொண்டு மிக மெதுவான தோட்டாவையே நாடுதல் வேண்டும். தாழைக் கையால் இயக்கும் ரைபிளே இதற்குச் சிறந்தது. தானே தோட்டாவை மாற்றிக்கொள்ளும் ரைபிளில் பின்புறம் திறந்து வாயு வெளிப்படுதலின் ஓசை மிகும். முதற்குண்டு மட்டும் சற்று உரத்து ஒலித்தால் அஞ்சற்க. குழலினுள் எஞ்சியிருந்த பிராணவாயுவில் மருந்தின் மிச்சம் எரிதலே அதன் காரணம்.

இவற்றையெல்லாம் கூறியபின் சட்டத்தைக் கூறாது விடுதல் தகாது. நியூஸிலாந்தில் முயல் வேட்டையாடுவோர் ஒலியடக்கியை அயலார்க்குச் செய்யும் மரியாதையாகக் கருதி வழங்குவர். அமெரிக்காவில் 1934-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு 200 டாலர் வரி விதித்தது. அவ்வரி 2026 ஜனவரி முதல் நீங்கினும், அரசாங்கத்திற் பதிவு செய்யும் கடமை நீங்கவில்லை. நம் நாட்டிலோ 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், சுடும் ஓசையையோ ஒளியையோ குறைத்தற்கு அமைந்த துணைக்கருவியையும் துப்பாக்கி என்றே எண்ணுகின்றது. அதன்கீழ் எழுந்த விதிகளும் அதனைத் தடைசெய்யப்பட்ட வகையிற் சேர்த்திருத்தலின் தனியார் அதனை வைத்திருத்தல் கூடாது. பட்டறையில் ஒரு குழாயைத் துளைத்துச் செய்துகொள்வோம் என்று எண்ணுதல் உயிருக்கும் கேடு, சிறைக்கும் வழி.

இத்தடை கொடிதோ என ஐயுறுவார், மரக்காணத்து உப்பளங்களின் வரப்பில் ஒரு மாலை நின்று பார்க்க. பக்கிங்காம் கால்வாய் முடியும் அப்பகுதியில் உப்புப் பாத்திகளுக்கு அப்பால் கழுவேலி ஏரி பரந்து கிடக்கின்றது. 2021 டிசம்பரில் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது; 2024 ஆகஸ்டில் ராம்ஸார் ஈரநிலங்களின் வரிசையிற் சேர்ந்தது. பூநாரையும் உள்ளானும் ஆலாவும் வாத்தினங்களும் வடதிசையினின்றும் பிற இடங்களினின்றும் வந்து தங்கும் அவ்வெளியில் மரமும் மறைவும் அரிய. மாலையில் நிலம் குளிர்ந்து மேற்காற்று வெம்மையாய் நிற்குங்கால் ஒலி மேலெழாது வளைந்து நிலத்தை ஒட்டியே நெடுந்தூரம் செல்லும். அத்தகைய இடத்தில் களவாகப் பறவை சுடுவான் ஒருவனைக் காட்டிக்கொடுக்கும் சாட்சி அவன் துப்பாக்கியின் ஓசையே. வனக்காவலர்க்கு அதுவே அழைப்பு. ஏனைப் பறவைகட்கு அதுவே எச்சரிக்கை. ஓசை அடங்கின் காவலர் செவியும் அடைபட்டதாகும். நிறைந்த குடியிருப்புக்களின் நடுவே அயலார்க்கு மரியாதையாகும் கருவி, இங்கே காவலின்மேல் விழும் திரையாகும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை விலக்கியிருத்தலின், நேர்மையான வேலையொன்றும் ஒலியடக்கிக்கு இக்கரையில் இல்லை.

ஆயின் நம் மாணவர் செவியைக் காத்தல் எங்ஙனம் எனின், அதற்கு வழி மிக எளியது. உட்செவியில் நத்தைக்கூடு போன்ற உறுப்பினுள் ஒலியை உணரும் நுண்மயிர் அணுக்கள் உள்ளன. அவை ஒருமுறை அழிந்தால் மனிதர்க்கு மீண்டும் முளைப்பதில்லை. சுடுதளத்தினின்று மீண்ட இரவில் காதினுள் இரைச்சல் கேட்டால், அது வீரத்தின் அடையாளமன்று, சேதத்தின் அறிவிப்பு. பஞ்சு போன்ற நுரையாலாகிய செவியடைப்பானைச் சுருட்டி நன்கு உட்செலுத்தி, அதன்மேல் செவிமூடியையும் அணிந்தால், ஒலியடக்கி தரும் அளவு காப்பு ஏறக்குறையக் கிடைத்துவிடும். அதற்கு உரிமம் வேண்டா, செலவும் சிறிது. வெறும் பஞ்சு போதாது. சுடுவார் மட்டுமன்றி அருகில் நின்று எண்ணுவாரும் குறிப்பாளரும் அணிதல் வேண்டும்.

பறவை நூலறிஞர் ஸலிம் அலி சிறுவயதில் காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியை வீழ்த்தி, அதன் கழுத்தின் மஞ்சள் நிறம் கண்டு வியந்து, அஃது இன்னதென அறிய விழைந்து, பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தை நாடிச் சென்றார் என்பது பலரும் அறிந்ததே. குறிபார்க்கும் கண் கூர்மையானதாயின் அது கொல்லுதற்கே பயன்படல் வேண்டும் என்னும் நியதியில்லை. கடல் கடந்து வாழ்வார் தம் நாட்டுச் சட்டத்தைத் தேர்ந்து, மேற்கூறிய நான்கையும் நோக்கி நல்ல கருவியை வாங்குக. கழுவேலிக்கு அண்மையில் வாழும் நாம் செவியடைப்பானைச் சுடுதளத்தில் அணிந்து, ஏரிக்கரையில் அதனைக் கழற்றிவிட்டு, பூநாரைகளின் குரலைக் கேட்போமாக.