பேரியரில் மிச்சம் பிடிக்காதீர்கள்: விர்ட்ஐஓ டிரைவரின் வரவு செலவு

10 கிகாபிட் ஈதர்நெட்டில் ஆகச் சிறிய பாக்கெட்டுகளை மட்டும் அனுப்பினால் நொடிக்கு 1 கோடியே 48 லட்சத்து 80 ஆயிரம் போகும். ஒன்றுக்குக் கிடைப்பது 67.2 நானோநொடி. 3 கிகாஹெர்ட்ஸ் பிராசஸரில் அது சுமார் 200 சைக்கிள். மெய்நிகர் கணினியான கெஸ்ட் ஒருமுறை, தன்னை ஓட்டும் ஹோஸ்டைக் கூப்பிட்டால், அதாவது விஎம் எக்ஸிட் நடந்தால், செலவு பொதுவாக 1,000 சைக்கிளைத் தாண்டும். பாக்கெட்டுக்கு ஒரு கூப்பாடு என்றால் முதல் பாக்கெட்டிலேயே பட்ஜெட் 5 மடங்கு எகிறிவிடும். 64 பாக்கெட்டுக்கு ஒருமுறை கூப்பிட்டால் தலைக்கு 16 சைக்கிள்தான். (1,500 பைட் பாக்கெட்டில் தலைக்கு 3,690 சைக்கிள் கிடைக்கிறது. பெரிய பாக்கெட்டை மட்டும் வைத்துச் சோதிப்பவர்களுக்கு இந்த வலி தெரியாததற்குக் காரணம் இதுதான்.)

ரஸ்டி ரஸ்ஸல் எழுதி, 2008 ஜனவரியில் வந்த லினக்ஸ் 2.6.24-இல் இடம்பிடித்த விர்ட்ஐஓ, இந்தக் கூப்பாட்டைக் குறைக்கத்தான் பொது நினைவகத்தில் ரிங் வைக்கிறது. இடச்செலவு சொற்பம். 256 இடம் கொண்ட க்யூவுக்கு டிஸ்கிரிப்டர் அட்டவணை 4,096 பைட், டிரைவர் வேலை கொடுக்கும் அவெய்லபிள் ரிங் 518, முடிந்ததை ஹோஸ்ட் சொல்லும் யூஸ்டு ரிங் 2,054; ஆக மொத்தம் 6,668 பைட்.

வேலை கொடுக்கும் வரிசையில்தான் சிக்கல். டிரைவர் முதலில் 16 பைட் டிஸ்கிரிப்டரை நிரப்புகிறது: முகவரி 8, நீளம் 4, ஃப்ளாக் 2, அடுத்தது எது என்பதற்கு 2. பிறகு அந்த இடத்தின் எண்ணை அவெய்லபிள் ரிங்கில் போடுகிறது. அடுத்து ரைட் பேரியர்: இதுவரை எழுதியவை, இனி எழுதுவதற்கு முன்பே மறுபக்கத்துக்குத் தெரியவைக்கும் தடை. அதன் பின்னரே இண்டெக்ஸை ஏற்ற வேண்டும். இண்டெக்ஸ் 16 பிட். மேலே சொன்ன வேகத்தில் 4.4 மில்லிநொடிக்கு ஒருமுறை 65,536-ஐத் தொட்டுச் சுழிக்குத் திரும்பும், நொடிக்கு 227 தடவை. ஆகவே பெரிது சிறிது என்று நேரடியாக ஒப்பிடக் கூடாது, 16 பிட்டில் கழித்துத்தான் பார்க்க வேண்டும்.

இண்டெக்ஸை எழுதியதும் டிரைவர் ஒரு ஃப்ளாக்கைப் படிக்கிறது: ஹோஸ்டைக் கூப்பிட வேண்டுமா, வேண்டாமா? அதே நொடியில் ஹோஸ்ட், ரிங் காலி என்று நினைத்து, 'இனி என்னைக் கூப்பிடு' என ஃப்ளாக்கை மாற்றிவிட்டு, தூங்குமுன் இண்டெக்ஸை மறுபடி பார்க்கிறது. இருவர் எழுதியதும் அவரவர் ஸ்டோர் பஃபரில் இன்னும் கிடந்தால், இருவரும் மற்றவரின் பழைய மதிப்பைத்தான் படிப்பார்கள். ஹோஸ்ட் விழித்திருப்பதாக நினைத்து கெஸ்ட் கூப்பிடாது. வேலை இல்லை என நினைத்து ஹோஸ்ட் தூங்கிவிடும். பாக்கெட் ரிங்கிலேயே கிடக்கும். பிழைச் செய்தி கிடையாது, லாகில் ஒரு வரி கிடையாது. எழுத்தைத் தாண்டி வாசிப்பு முந்துவதை எக்ஸ்86-ம் அனுமதிக்கிறது. அதனால் இங்கே இரு பக்கமும் முழு பேரியர் கட்டாயம்.

அதன் விலையைக் குறைக்க வழி இல்லாமல் இல்லை. 2017-இல் மைக்கேல் சிர்கின், லினக்ஸின் எக்ஸ்86 பேரியரில் எம்ஃபென்ஸை எடுத்துவிட்டு லாக் ஆட் கட்டளையைப் போட்டார். அவர் ஓட்டிய விர்ட்ஐஓ ரிங் சோதனை 0.92 நொடியிலிருந்து 0.58 நொடிக்கு இறங்கியது. பேரியர் அப்படியே இருந்தது; மாறியது கட்டளை மட்டும். அதற்கு முந்தைய ஆண்டு, லினக்ஸ் 4.5-இல், மெய்நிகர் கணினிகளுக்கென்றே தனி பேரியர்கள் வந்திருந்தன. ஒற்றை சிபியுவுக்காகக் கம்பைல் செய்த கெர்னல், சிபியுக்களுக்கு இடையிலான பேரியரைக் கம்பைலருக்கான வெறும் தடையாகச் சுருக்கிவிடும். கெஸ்டுக்கு ஒரே சிபியு இருக்கலாம், ஆனால் ரிங்கின் மறுமுனையில் உள்ள ஹோஸ்ட் வேறொரு சிபியுவில் ஓடுகிறது.

இன்டரப்ட் பக்கமும் இதே கதைதான். 'இன்டரப்ட் வேண்டாம்' என்ற ஃப்ளாக் வெறும் வேண்டுகோள். ஹோஸ்ட் காட்டும் சாதனம் அதைக் கேட்காமலும் போகலாம். இன்டரப்டைத் திரும்பத் திறந்துவிட்டதும் பேரியர் போட்டு, யூஸ்டு ரிங்கை இன்னொரு முறை பார்க்காத டிரைவர் என்றைக்காவது தொங்கும். பழைய பாணி இன்டரப்டில் 1 பைட் நிலைப் பதிவகம் உண்டு, படித்தாலே அழிந்துவிடும். இரண்டு இடத்தில் படித்தால் ஓரிடத்துக்குச் சேதி போகாது. வந்த இன்டரப்டை 'என்னுடையதில்லை' என்று தள்ளிக்கொண்டே இருந்தாலும் ஆபத்து: 1,00,000-இல் 99,900-க்கு மேல் யாரும் கவனிக்கவில்லை என்றால் லினக்ஸ் அந்த லைனையே அடைத்துவிடும்.

ஹோஸ்டை நம்ப முடியாத இடத்தில் கணக்கு இன்னும் கறாராகிறது. யூஸ்டு ரிங்கில் வரும் எண்ணுக்கு 4 பைட். 429 கோடிக்கு மேல் மதிப்புகள் வரலாம், 256 மட்டுமே செல்லும். காப்பாற்ற ஒரு ஒப்பீடு போதும். சாதனம் தயாராகுமுன் வரும் இன்டரப்டை ஒதுக்கும் மாற்றம் 2022-இல் லினக்ஸ் 5.19-க்கு வந்தது, சில டிரைவர்கள் அதில் இடறியதால் அதே பதிப்பிலேயே இயல்புநிலையில் அணைத்து வைத்தார்கள். சரியான மாற்றத்தை அணைப்பதைவிட அந்த டிரைவர்களைத் திருத்துவதே முறை என்பது என் கட்சி.

டிரைவர் எழுதும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். எக்ஸ்86 எழுத்துகளை வரிசை மாறாமல் வெளியே காட்டும். ரைட் பேரியர் விட்டுப்போனாலும் அங்கே பெரும்பாலும் தெரியாது. லேப்டாப்பில் ஓடிவிட்டது என்று ஒப்படைக்காமல், ஒரு ஆர்ம் சர்வரிலும் சிறிய பாக்கெட்டுகளை வைத்து ஓரிரவு ஓட்டிப் பாருங்கள்.