ரெய்டர் விழுந்தார்... அணி எழுந்தது!

ஆரணிப் பட்டுத் தறியில் ஓர் இழை அறுந்தால், நெசவாளர் தறியை நிறுத்தி, முடிச்சுப் போட்ட பிறகுதான் நெசவைத் தொடர்வார். 2022-ல் தமிழ் தலைவாஸ் கபடி அணிக்கு அறுந்ததோ ஜரிகை இழை!

புரோ கபடி ஏலத்தில் 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்த நட்சத்திர ரெய்டர் பவன் செராவத், முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். அந்த சீசனில் அவர் திரும்பவே இல்லை. 2017-ல் களமிறங்கியதிலிருந்து ஒருமுறைகூட பிளே-ஆஃப் எட்டாத அணி அது. மறுபடியும் கடைசி வரிசைதானா?

இல்லை! அறிமுக வீரர் நரேந்தர் பாரத்தைச் சுமந்தார். அந்த சீசனில் அவர் அள்ளிய ரெய்டு புள்ளிகள் 243.

ஆனால், இது பாதிக் கதைதான். கபடியில் பிடிபட்ட ரெய்டர் வெளியே உட்கார வேண்டும். தன் அணி எதிராளியை அவுட்டாக்கினால் உள்ளே வரலாம். அதாவது, எவ்வளவு பெரிய ரெய்டரையும் மீட்பதில் பின்னால் நிற்கும் டிஃபெண்டர்களுக்கும் பங்கு உண்டு. தொடக்கத்தில் தடுமாறிய அந்தக் கூட்டணி, பயிற்சியாளர் அஷன் குமார் வந்த பிறகு கைகோத்து நின்றது. இரு மூலைகளிலும் கேப்டன் சாகரும் சாஹில் குலியாவும் எதிரணி ரெய்டர்களின் காலைப் பிடித்து மடக்கினார்கள்.

அரையிறுதியில் புனேரி பல்டனிடம் 37-39 எனத் தோல்வி. இரண்டே புள்ளிகள்! ஆனாலும், தலைவாஸ் அதுவரை தொடாத உயரம் அது.

புடவையை விரித்தால் முதலில் கண்ணில் படுவது ஜரிகைதான். அதைத் தாங்கி நிற்பது பாவு!